கலைச்சொல்: 'மாறுசிறை' பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனியில் உருவான மெசர்ஷ்மிட் பி.1101 என்ற ஜெட் விமானம் பற்றிய கட்டுரைக்காக, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைக்கு 'பின்வளை இறக்கை', சாய்வுக் கோணத்தை மாற்றக்கூடிய இறக்கைக்கு 'மாறுசிறை' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. முன்மொழிந்த ஐயா இருவருக்கும் நன்றி. ஆனால் இரண்டையும் அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த இறக்கையில் வளைவே கிடையாது. முன்விளிம்பு நேர்கோடாக வால்பக்கம் சாய்ந்து போகிறது. 'வளை' என்றால் படிப்பவர் அரிவாளைத்தான் நினைப்பார். இறக்கை இப்படிப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் ஒலிவேகத்தை நெருங்கும்போது எழும் காற்றுத்தடை தள்ளிப்போகும். ஜெர்மன் காற்றியக்க அறிஞர் அடால்ஃப் புசெமன் 1935-இல் ரோம் மாநாட்டில் பேசியது இந்தச் சாய்வைப் பற்றித்தான். ஆகவே 'பின்சாய்வு' போதும். விமானம் திரும்பும்போது ஒருபக்கம் சாய்வதும் சாய்வுதானே, அதனால் தனியாகச் சொல்லும்போது 'பின்' கட்டாயம் வேண்டும்.

'சிறை' பழைய பாட்டில் படிக்க அழகான சொல்தான். இன்று செய்தித்தாள் படிப்பவருக்குச் சிறை என்றால் கம்பிதான் கண்ணில் நிற்கும். இறக்கை என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்குப் பெரிய கவலை 'மாறு' பற்றியது. பி.1101-இன் இறக்கை பறக்கும்போது அசையாது. விமானம் தரையில் நிற்கும்போது மெக்கானிக் கோணத்தை மாற்றிப் பூட்டவேண்டும். ஏறினால் இறங்கும்வரை அதே கோணம்தான். எந்தச் சாய்வு நல்லது என்று ஒவ்வொன்றாகப் பறந்து பார்க்கச் செய்த ஏற்பாடு அது. பாவம், ஒருமுறைகூடப் பறக்கவில்லை. 1945 ஏப்ரல் இறுதியில் அமெரிக்கப் படை, விமானம் உருவாகிக்கொண்டிருந்த ஜெர்மனியின் ஓபராமர்காவ் ஊருக்குள் நுழைந்தபோது, மாதிரி விமானத்தில் சுமார் 80 விழுக்காடு வேலை முடிந்திருந்தது. திட்டம் அதோடு நின்றது.

அமெரிக்க விமான நிறுவனமான பெல்லின் வடிவமைப்பாளர் ராபர்ட் வுட்ஸ் அதைப் பார்த்து, ஆராய்ந்து, அதன் வழியில் எக்ஸ்-5 என்ற சோதனை விமானத்தைக் கொண்டுவந்தார். 1951 ஜூன் 20 அன்று அது முதலில் பறந்தது. அதில் விமானி வானில் இருந்தபடியே சாய்வை 20 பாகையிலிருந்து 60 பாகை வரை மாற்றலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ஜெர்மானியர் 1945-இலேயே வானில் இறக்கையை அசைத்துக் காட்டினார்கள் என்று நாளை யாராவது எழுதிவிடுவார்கள்.

மாறு தன்வினை, மாற்று பிறவினை. எனவே எக்ஸ்-5-க்கு 'சாய்வுமாறு', பி.1101-க்கு 'சாய்வுமாற்று' என்று முதலில் யோசித்தேன். ஆனால் நடுவில் ஓர் ஒற்றுதான் வேறுபாடு, தட்டச்சில் தப்பிவிடும். மாற்று எரிபொருள் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அது வேறு பொருளும் தரும்.

அப்புறம் தோன்றியதுதான் 'பூட்டு'. ஏர் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். பூட்டிய பிறகுதான் வேலை தொடங்கும், வேலை முடிந்ததும் அவிழ்த்து மறுபடி பூட்டலாம். பி.1101-இல் நடந்திருக்க வேண்டியதும் இதுவே. ஆகவே என் முன்மொழிவு:

தரையில் கோணம் வைப்பதற்கு 'சாய்வுபூட்டு இறக்கை'.
வானில் மாறுவதற்கு 'சாய்வுமாறு இறக்கை'.

இரண்டாவது சொல் நமக்கு அடிக்கடி வேண்டியிருக்கும். இந்திய விமானப்படையில் 2019 வரை இருந்த மிக்-27 போர் விமானத்தின் இறக்கையும் அந்த வகைதான்: 16, 45, 72 பாகை என்று மூன்று நிலைகள்.

'பூட்டு' என்றதும் நிலையாக இறுகிவிட்டது என்று யாருக்காவது படுகிறதா? அப்படிப் பட்டால் தயங்காமல் எழுதுங்கள், கட்டுரையில் ஏற்றுமுன் திருத்திவிடுகிறேன்.