குவாங்சௌவில் புதிதாக இறங்குபவர்களுக்கு: முதலில் உங்கள் பெயரைச் சரிசெய்யுங்கள்

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். "அண்ணா, குவாங்சௌவில் வேலை கிடைத்திருக்கிறது. என்ன எடுத்துவரணும், முதல் வாரம் என்ன செய்யணும்?" தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, எனவே மொத்தமாக இங்கே கொட்டிவிடுகிறேன். நான் வந்து ஏழு வருடம் ஆகிறது, தியான்ஹே பக்கம் குடியிருக்கிறேன். ஷாங்காய், பெய்ஜிங்கில் இருப்பவர்கள் சில விஷயங்களை வேறு மாதிரி சொல்லலாம். நான் சொல்வது இந்த ஊர்க் கதை.

முதல் வேலை காவல் நிலையம். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். வாடகை வீட்டுக்கோ நண்பர் வீட்டுக்கோ போனால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நீங்கள் தங்கியிருப்பதைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையம் என்றதும் நம்மவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். இங்கே அது ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவது போன்ற வேலைதான். ஸெட் விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவர்கள் 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அங்கே இந்தப் பதிவுச் சீட்டைக் கேட்பார்கள். வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும்.

அடுத்தது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம்: நம் பெயர்.

சீனர்களின் பெயர் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று எழுத்தில் முடிந்துவிடும். குடும்பப்பெயர் முன்னால், சொந்தப்பெயர் பின்னால். நமக்கோ குடும்பப்பெயரே கிடையாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பாஸ்போர்ட்டில் போட்டிருப்போம், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். என் பெயர் அப்பா பெயரோடும் இடைவெளியோடும் சேர்த்து 27 ஆங்கில எழுத்து. சிம் வாங்கிய கடையில் என் பெயரை முன்னால் போட்டார்கள். வங்கியில் அப்பா பெயரை முன்னால் போட்டு, இடைவெளியையும் விழுங்கிவிட்டார்கள். இங்கே சிம், வங்கிக் கணக்கு, பணம் கட்டும் செயலி மூன்றும் ஒரே பெயரில், ஒரே பாஸ்போர்ட் எண்ணில் இருந்தால்தான் ஒன்றோடொன்று இணையும். எனக்கு இணையவில்லை. மூன்று முறை வங்கிக்கு அலைந்தேன். ஒவ்வொரு முறையும் கணினி அந்தப் பெயரை ஏற்கவில்லை என்றே சொன்னார்கள். நான்காவது முறை மாட்டிய பெண் மட்டும் பொறுமையாகச் சிம் கடை ரசீதையும் என் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக அடித்துத் தந்தார்.

ஆகவே முதல் நாளே உங்கள் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில், எது முன்னால், எங்கே இடைவெளி என்று முடிவு செய்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுதுவது நல்லது. சிம் கடையில் அதைக் காட்டுங்கள், அவர்கள் அடித்ததைப் படம் எடுங்கள், அதே படத்தை வங்கியில் காட்டுங்கள். அப்புறம், பாஸ்போர்ட் காலாவதியாக ஒரு வருடம்தான் பாக்கி என்றால் ஊரிலேயே புதுப்பித்துவிட்டு வாருங்கள். எண் மாறினால் வங்கி, சிம், ரயில் பதிவு எல்லாவற்றையும் திரும்ப மாற்ற வேண்டும். நான் அந்தக் கொடுமையையும் பார்த்தவன்.

கணக்குத் திறக்கும் வரை என்ன செய்வது? அலிபே என்ற பணம் கட்டும் செயலியில் வெளிநாட்டு விசா கார்டு, மாஸ்டர் கார்டுகளைச் சேர்க்கலாம். 200 யுவான் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். நோட்டு செல்லும்தான், ஆனால் காய்கறிக்காரர் சில்லறைக்கு எங்கே போவார்?

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி. 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில், இங்கே எல்லோரும் செய்தி அனுப்பும் வீசாட்டும் ஒன்று. இங்கே வாட்ஸ்அப், கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் திறக்காது. அம்மாவிடம் இருப்பது இங்கே ஓடாது, உங்களிடம் இருப்பது அங்கே கிடைக்காது. ஊர் சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள், அதில் வாட்ஸ்அப் திறக்கும். ஊர் வங்கியின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தானே வரும். வீசாட்டில் புதுக் கணக்கு தொடங்கும்போது ஏற்கெனவே அதில் இருக்கும் ஒருவர் உறுதிசெய்ய வேண்டியிருக்கலாம். யாரும் தெரியாவிட்டால் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரைப் பிடியுங்கள், முதல் சிநேகிதம் அப்படித்தான் அமையும்.

சரி, சாப்பாடு. அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை, காரம் மட்டும்தான் குறையும். இந்த வட்டாரத்துக் கான்டோனிய சமையலில் மீனை ஆவியில் வேகவைத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, சூடான எண்ணெய் ஊற்றித் தருவார்கள். முதல் மாதம் சப்பென்று இருக்கும், மூன்றாவது மாதம் தேடிப் போவீர்கள். ஹலால் தேடுபவர்கள் பச்சைப் பலகை போட்ட லான்ஜோ நூடுல்ஸ் கடைகளைப் பாருங்கள். ஹுய் முஸ்லிம்கள் நடத்துவது, தெருவுக்கு ஒன்று இருக்கும்.

சைவக்காரர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்றால் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, கொத்திய இறைச்சியை அப்படியே விட்டுவிடுவார்கள். அவர்கள் கணக்கில் அது ருசிக்குப் போட்டது. கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்கி, சிப்பி சாஸ் ஊற்றி, கோழித்தூள் தூவுவார்கள். "வோ ச்சி சூ", அதாவது நான் சைவம் என்று சொல்லிவிட்டு, இந்த மூன்றும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய குறிப்பைத் தொலைபேசியில் காட்டுங்கள். பௌத்த சைவ உணவகங்களில் இந்தப் பயம் இல்லை, ஆனால் பல இடங்களில் வெங்காயமும் பூண்டும் சேர்க்கமாட்டார்கள்.

உடம்பு முடியாத நாளில் காலையில் கஞ்சிக் கடைக்குப் போங்கள். வெள்ளைக் கஞ்சியும் ஊறுகாயும் கிடைக்கும். ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லும் 'காஞ்சி' நம் வார்த்தையிலிருந்து போனதுதான் என்று என் மேலாளரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

சமைப்பவர்களுக்கு இது நல்ல ஊர். சந்தையில் பாகற்காய், பீர்க்கங்காய், வெண்டைக்காய், தண்டுக்கீரை எல்லாம் குவிந்து கிடக்கும். விலையை 'ஜின்' கணக்கில் சொல்வார்கள், ஒரு ஜின் அரைக் கிலோ. முதல் வாரம் எல்லாம் மலிவு என்று நினைத்து ஏமாந்தது இதனால்தான். துவரம் பருப்பையும் கறிவேப்பிலையையும் தாவ்பாவ் என்ற இணையக் கடையில் வரவழைக்கலாம்.

மொழியைப் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. 'ரென்' என்றால் மனிதர், அந்த 'ர' நம் 'ழ'வுக்குப் பக்கத்து வீடு. 'ழென்' என்று சொல்லிப் பாருங்கள், ஆசிரியர் அசந்துபோவார். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அவர்களுக்கு 'ப' இரண்டு. ஒன்று நம் 'பல்'லில் வருவது. இன்னொன்று, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தால் காற்று படும்படி ஊதிச் சொல்வது. த, க இரண்டுக்கும் அப்படியே. கற்ற புதிதில் உற்சாகத்தில் நான் எல்லாவற்றையும் ஊதினேன். விருந்தில் மறுபடி மறுபடி பரிமாறினார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லவேண்டிய "துட்ஸ பாவ் ல"வை ஊதிச் சொன்னேன். மேசையே சிரித்தது. ஊதினால் அதற்கு "முயல் ஓடிவிட்டது" என்று அர்த்தமாம்.

பொதுச் சீனமான மாண்டரின் போதும், ஆனால் இந்த ஊர் மொழியான கான்டோனீஸில் இரண்டு வார்த்தை தெரிந்தால் சந்தையில் மரியாதை. ஆணை "லெங் ஜாய்", பெண்ணை "லெங் நோய்" என்று கூப்பிடுவார்கள். அழகன், அழகி என்று பொருள். அறுபது வயதுக்காரரும் இங்கே அழகன்தான், கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். உணவகத்தில் உட்கார்ந்ததும் முதல் தேநீரைக் குடித்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் கிண்ணத்தையும் குச்சியையும் அலம்புவதற்கு.

மருத்துவமனையில் முதலில் பதிவுச் சீட்டு, பிறகு ஒவ்வொரு பரிசோதனைக்கும் பணம் கட்டிவிட்டு வரிசை. சீனம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஆம்புலன்ஸ் 120, போலீஸ் 110. பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ரயில் டிக்கெட்டும் அதன் எண்ணில்தான், தானியங்கிக் கதவு திறக்காவிட்டால் ஓரத்தில் ஆள் இருக்கும் வழியில் போங்கள். சரித்திர ஆர்வம் உள்ளவர்கள் விடுமுறையில் சுவான்சௌ போய்வரலாம். 1281இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர்.

கடைசியாக 'ஹுய் நான் தியான்'. பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் சில நாள், தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து குளிர்ந்த சுவர்களில் படும். சுவர் வியர்க்கும், தரை வழுக்கும், துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. நம் ஊர் வழக்கப்படி காற்றோட்டம் வேண்டும் என்று ஜன்னலைத் திறந்தேன். ஒரே வாரத்தில் தோல் செருப்பு, பெல்ட் எல்லாம் பூஞ்சை. அந்த நாட்களில் ஜன்னலை இறுக மூடி, ஏசியை ஈரம் உறிஞ்சும் நிலையில் ஓடவிடுங்கள். சாம்பார்ப் பொடியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். அம்மா கட்டிக்கொடுத்த அப்பளத்தை ஜனவரிக்குள் பொரித்துத் தின்றுவிடுங்கள்.