மெல்பர்னுக்குப் புதிதாக வந்திருக்கும் ஓஎஸ்எஸ், பிஎஸ்எஸ் துறையினர் எந்தப் பயிற்சியில் தொடங்கலாம்?

தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பை இயக்க உதவும் மென்பொருள் ஓஎஸ்எஸ்; ஆர்டர், பில்லிங் போன்ற வணிகப் பணிகளுக்கானது பிஎஸ்எஸ். சென்னையில் பல ஆண்டுகள் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான பில்லிங் அல்லது ஆர்டர் மேலாண்மை மென்பொருளில் பணியாற்றிவிட்டு இங்கே குடிவந்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, டிஎம் ஃபோரம் என்ற தொலைத்தொடர்புத் துறைக் கூட்டமைப்பின் சான்றிதழ் எடுத்தால் வேலை கிடைக்குமா என்பதுதான். பயிற்சி அவசியம், ஆனால் கைக்காசைச் செலவழித்துச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

நான் வந்த புதிதில் ஒரு நேர்காணலில் மார்க்கரைக் கையில் கொடுத்து, ஒரு வீட்டுக்கு இணைய இணைப்பு கேட்டு வரும் ஆர்டர் முதல் பில் வரை என்னென்ன நடக்கிறது என்று வரையச் சொன்னார்கள். ஒன்பது ஆண்டுகள் ஒரே மென்பொருளில் ஊறியிருந்த நான், அதன் திரைகளையும் டேபிள்களையும் அவற்றின் பெயர்களிலேயே பலகை நிறைய வரைந்துவிட்டேன். எதிரே இருந்த மூவரும் அந்த மென்பொருளைப் பார்த்ததே இல்லை. வேலை தெரிந்திருந்தும், அதைப் பொதுவான சொற்களில் சொல்லத் தெரியாததால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போனது.

அந்தப் பொதுச் சொற்களைத் தருவதுதான் 1988-இல் தொடங்கப்பட்ட டிஎம் ஃபோரத்தின் தரநிலைகள். ஈ-டாம் என்பது நிறுவனத்தின் பணிகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் செயல்முறை வரைபடம்; பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இதை எம்.3050 என்ற பரிந்துரை வரிசையில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சிட் என்பது நிறுவனத்தின் தகவல்களை எப்படிப் பிரித்துப் பெயரிடுவது என்று காட்டும் தரவு மாதிரி. வாடிக்கையாளர் வாங்குவது புராடக்ட், அதை நிறைவேற்றுவது சர்வீஸ், அதைத் தாங்கி நிற்கும் போர்ட்டும் மோடமும் ரிசோர்ஸ் என்ற மூன்று அடுக்குப் பிரிவு மனத்தில் பதிந்துவிட்டால், மென்பொருள்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறுவதற்கான ஓப்பன் ஏபிஐ என்ற இடைமுகத் தரநிலைகளும் தாமாகவே விளங்கும்: புராடக்ட் ஆர்டருக்கு டிஎம்எஃப் 622, அது உடைந்து உருவாகும் சர்வீஸ் ஆர்டருக்கு 641, பழுதுப் புகாருக்கு 621.

ஆஸ்திரேலியாவில் இந்தப் பிரிவைக் கண்ணெதிரே காணலாம். பெரும்பாலான வீடுகளுக்கு வரும் நிலைவழி இணைப்பு, என்பிஎன் என்ற மொத்த விற்பனை வலையமைப்பினுடையது. நீங்கள் பணம் கட்டும் நிறுவனம் சில்லறை விற்பனையாளர் மட்டுமே. ஆகவே வாடிக்கையாளரின் ஆர்டர் ஒரு நிறுவனத்தில் பிறந்து, இன்னொரு நிறுவனத்தின் அமைப்புக்குள் சென்று நிறைவேறித் திரும்புகிறது. அந்த முகவரிக்கு ஃபைபரா, எச்எஃப்சி எனப்படும் கேபிள் டிவி வகைக் கம்பியா, கம்பியில்லா இணைப்பா, செயற்கைக்கோளா என்பதைத் தெரிந்துகொள்ளும் சர்வீஸ் குவாலிஃபிகேஷன் அதற்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். முகவரி ஓர் எண் பிசகினாலும் ஆர்டர் ஃபால்அவுட்டில், அதாவது தானாக நகராமல் ஆள் தலையிட்டுச் சரிசெய்ய வேண்டியவற்றின் வரிசையில், போய் நிற்கும். அதை மீட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், எந்தச் சான்றிதழையும்விட விரிவாக அதைச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓப்பன் ஏபிஐ விவரக்குறிப்புகளை இலவசமாகவே பதிவிறக்கலாம். வேலையில் சேர்ந்தபின், உங்கள் நிறுவனம் டிஎம் ஃபோரத்தில் உறுப்பினரா என்று மேலாளரிடம் கேளுங்கள். உறுப்பினராக இருந்தால் அலுவலக மின்னஞ்சலைக் கொண்டு பதிவுசெய்து மற்ற ஆவணங்களையும் படிக்கலாம். தற்போதைய பணியோடு நேரடியாகத் தொடர்புள்ள பயிற்சிக்கு நீங்களே பணம் கட்டினால் வருமான வரியில் கழிவு கோர இடமுண்டு என்பதால், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். புதிய வேலை தேடுவதற்காகப் படித்தது அதில் சேராது. விசாவுக்கான திறன் மதிப்பீட்டிலோ பட்டமும் பணி அனுபவச் சான்றுகளுமே முதன்மையானவை. இந்தச் சான்றிதழ் அவற்றுக்கு ஈடாகாது.

இந்த வாரமே 622, 641 இரண்டையும் பதிவிறக்கி, உங்கள் பழைய திட்டத்தில் நன்றாக நினைவிருக்கும் ஓர் ஆர்டரை எடுத்து, அதன் ஒவ்வொரு படியும் இவற்றில் எங்கே பொருந்துகிறது என்று ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பழைய நிறுவனத்தின் ரகசிய விவரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பொருந்தாமல் நிற்கும் இடங்களை வைத்து, ஈ-டாம், சிட், ஓப்பன் ஏபிஐ ஆகியவற்றில் எந்த வகுப்பில் முதலில் சேர்வது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.