‘சார்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

மடல் 1

அன்புடையீர்,
1950, 60களின் ஆங்கிலப் பாப் இசை இதழ்களைப் பற்றிய நூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்தாரிடம் ஒப்படைத்தாக வேண்டும். பாட்டுகளை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தும் பட்டியலைக் குறிக்கும் ‘சார்ட்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நாளிதழ் வழக்கை ஒட்டி நான் எழுதிய ‘தரவரிசை’யை மெய்ப்புப் பார்த்தவர் ‘அட்டவணை’ என்று மாற்றிவிட்டார். எது சரி?

மடல் 2

அம்மையீர்,
அட்டவணை ரயில் நேரத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது. ‘தரம்’ வடசொல்லா, ‘தரு’ என்னும் வினையடியில் பிறந்ததா என்ற பழைய வழக்கை ஒதுக்கிவைத்தாலும், பாட்டின் தரத்தை அந்தப் பட்டியல் அளக்கவே இல்லை. 1952 நவம்பர் 14 அன்று நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழில் வந்த பிரிட்டனின் முதல் பட்டியல், அவ்விதழைச் சேர்ந்த பெர்சி டிக்கின்ஸ் கடைக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்து, எந்த இசைத்தட்டு கூடுதலாக விற்றது என்று கேட்டுத் தொகுத்தது. 12 இடங்களுக்கான அந்தப் பட்டியலில், சில தட்டுகள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டதால், 15 தட்டுகள் இருந்தன. தரம் எங்கே வந்தது?

‘விற்பனை நிரல்’ என்க. நிரல் என்றால் வரிசை. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக நன்னூல் என்னும் இலக்கண நூலின் ஆசிரியர் கூறும் பொருள்கோள் எட்டனுள் நிரனிறையும் ஒன்று; சொற்களை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்குரியவற்றையும் அதே வரிசையில் பொருத்துவது அது. ஒருபுறம் எண்ணும் மறுபுறம் பாட்டும் முறைபிறழாமல் நிற்கும் பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

மடல் 3

ஐயா,
‘நிரல்’ கணினியாளர் கைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ‘விற்பனை நிரல்’ என்றால் கடைக்கணக்கு மென்பொருள் என்றே இளையோர் கொள்வர். அன்றியும், அமெரிக்காவில் பில்போர்டு இதழ் 1958 ஆகஸ்டில் தொடங்கிய ஹாட் 100 என்னும் பட்டியல், விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் கணக்கில் எடுத்தது. அதை விற்பனை என்று குறுக்கினால் பிழை.

இலங்கை வானொலியில் 1952இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்னும் இந்தி நிகழ்ச்சியில், அதன் அறிவிப்பாளர் அமீன் சயானி பாட்டு பிடித்த இடத்தைப் ‘பாய்தான்’, அதாவது படி, என்பார். நாமும் இடத்தைப் ‘படி’ என்றும் பட்டியலை ‘ஏறுபடி’ என்றும் வழங்கலாமே.

மடல் 4

ஏறுபடியில் பாட்டு இறங்குவதை எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. 1963இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ என்னும் பாட்டு நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸிலும் மெலடி மேக்கரிலும் முதலிடம் பெற்றது. ரெக்கார்டு ரீடெய்லரில் இரண்டாமிடத்தோடு நின்றது. கேட்ட கடைகள் வேறு, கணக்கிட்ட முறை வேறு. எச்சொல்லை ஆண்டாலும், எந்த இதழின் பட்டியல் என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால் படிப்பவர் குழம்புவர்.

மடல் 5

அனைவருக்கும் நன்றி. “1964 ஏப்ரல் 4ஆம் நாளிட்ட பில்போர்டு தரவரிசையில் முதல் ஐந்து இடங்களும் பீட்டில்ஸ் வசமாயின” என்னும் வரியை நான்கு சொற்களையும் இட்டுப் படித்துப் பார்த்தேன். ‘தரவரிசை’ மட்டுமே தடையின்றி ஓடுகிறது. தனிமடலில் எழுதிய பலரும் அதையே ஒப்புகிறார்கள். இதழ்ப் பெயரையும் உடன் சேர்க்கிறேன்.

மடல் 6

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் உடன்படவில்லை. ‘தர’ என்னும் முன்னொட்டையாவது நீக்கி ‘இசை வரிசை’ என்று அச்சிடுங்கள். நிரனிறை பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.