மறு: எண்டோமெட்ரியோசிஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'அகப்படல அழற்சி' என்றே வைத்துவிடலாம். இல்லையென்றால், புற்றுக்கு வழிவிடுவதால் 'முன்புற்றுப் படலம்' எப்படி?

ஐயா, வணக்கம்.

முதல் சொல் ஏற்கெனவே வேறொரு நோய்க்குப் போய்விட்டது. கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் படலம்தான் அகப்படலம்; கருப்பைக்குள்ளேயே அது அழற்சியுற்றால் எண்டோமெட்ரைட்டிஸ். நாம் பேசுவது, அகப்படலத்தைப் போன்ற திசு சூலகத்திலும் வயிற்றறை உறையிலும் குடல்மேலும் ஒட்டி வளர்வதை. அதிலும் அழற்சி உண்டுதான், ஆனால் நோயின் அடையாளம் அதுவல்ல.

இரண்டாவது சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. 2010இல் வந்த ஆய்வில், சூலகப் புற்றில் ஒரு வகையான தெளிசெல் புற்றுகளில் ஏறத்தாழ 46 விழுக்காட்டில் ஏரிட்1ஏ மரபணு பழுதாகியிருந்தது. குரோமாட்டினை, அதாவது செல்லுக்குள் டிஎன்ஏ புரதங்களோடு சேர்ந்து சுருண்டிருக்கும் பொதியை, மாற்றியமைக்கும் புரதக் கூட்டின் ஓர் உறுப்பை உருவாக்கும் மரபணு அது. இரண்டு நோயாளிகளிடம் அதே பழுது கட்டியை ஒட்டியிருந்த, அகப்படலத்தைப் போன்ற திசுவிலும் தெரிந்தது. தள்ளியிருந்த திட்டுகளில் இல்லை. இதுவரை உங்கள் பக்கம்தான். அப்புறம் 2017இல், இந்த நோயில் புற்றாவது மிக அரிதான, ஆழ ஊடுருவும் வகையைப் பார்த்தார்கள். அங்கேயும் சிலரிடம் கேராஸ், பிக்3சிஏ ஆகிய மரபணுக்களில், புற்றில் காணும் அதே மாற்றங்கள்! ஆக, மரபணு மாறியிருப்பதை மட்டும் வைத்துப் புற்று வரும் என்று சொல்லிவிட முடியாது. இந்த நோயுள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சூலகப் புற்று வருவதே இல்லை. அவர்கள் கையில் கொடுக்கும் அறிக்கையில் 'முன்புற்று' என்று அச்சடிப்பதா? வேண்டாம் ஐயா.

'இடம்பெயர்ந்த அகப்படலம்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். மாதவிடாய்க் குருதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் போய்ச் செல்களை விதைக்கிறது என்பது 1920களில் மகப்பேறு மருத்துவர் சாம்ப்சன் சொன்ன விளக்கம். வயிற்றறை உறைச் செல்களே உருமாறுகின்றன என்ற கருத்தும் உண்டு. அப்படி நடக்கும் இடத்தில் எதுவும் பெயரவில்லையே.

என் பரிந்துரை: வேற்றிட அகப்படலம். எங்கே இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 'புறக்கருப்பை' என்று சுருக்கினால், கருப்பைக்கு வெளியே தங்கும் கருவோடு குழம்பும்.

புற்றைச் சொல்ல 'வேற்றிட அகப்படலம் சார்ந்த சூலகப் புற்று'. நீளம்தான், ஆனாலும் 'சார்ந்த' என்பதை வெட்டக் கூடாது; சூலகப் புற்று எல்லாமே இந்த நோயைச் சார்ந்ததல்ல. சூலகப் புற்றில் மிகுதியாகக் காணும் உயர்தரச் சீரப் புற்று (வேகமாக வளரும் வகை; 'உயர்தரம்' என்பது இங்கே தீவிரத்தின் அளவு) பெரும்பாலும் கருக்குழாயில் தொடங்குவது; அதில் கிட்டத்தட்ட எப்போதும் பழுதாவது டிபி53 மரபணு. அது வேறு கதை.

இன்னொன்று பாக்கி. செல்கள் அகப்படலத்தை ஒத்திருக்கும் எண்டோமெட்ரியாய்டு புற்றுக்கு 'அகப்படலப் போலிப் புற்று' என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது. போலி என்றால் ஒத்தது என்று இலக்கணம் படித்தவருக்குப் புரியும். நோயாளியோ பொய்யான புற்று என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். 'அகப்படலம் ஒத்த புற்று', 'அகப்படல நிகர் புற்று' – இரண்டில் எது? எனக்கு முதலாவது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், பட்டியலைத் திருத்திவிடலாம்.