காரில் கம்ப்யூட்டர் வைத்தவர்களே, ஆடியோ இணைத்த கதையைச் சொல்லுங்கள்

வேளச்சேரி வேகன்ஆர்:

போர்டு, பவர் சப்ளை சமாசாரம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஓடிவிடுகிறேன். பழைய வேகன்ஆர். முன் சீட்டுக்கு அடியில் ஒரு தட்டு வருமே, அதில் 17 செ.மீ. மினி-ஐடிஎக்ஸ் போர்டு, அதாவது குட்டிக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு. கார் பேட்டரியில் ஓடும் எம்2-ஏடிஎக்ஸ் பவர் சப்ளை. அது 6 முதல் 24 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும், அதனால் செல்ஃப் எடுக்கும்போது பேட்டரி சரிந்தாலும் போர்டு அணைவதில்லை. கம்ப்யூட்டரில் ஆடியோ வெளிவரும் லைன்-அவுட்டிலிருந்து ஸ்டீரியோவின் ஆக்ஸ் துளைக்கு ஒரு 3.5 மி.மீ. கேபிள். இன்ஜினைப் போடாமல் வாசலில் நிறுத்திக் கேட்டேன், பிரமாதம்.

மார்கழி. மாமனாரை மயிலாப்பூரில் ஒரு சபாவில் விடக் கிளம்பினேன். அவருக்காகவே ஒரு ஆலாபனை ஏற்றி வைத்திருந்தேன். கிண்டி தாண்டும் வரை நெரிசல், ஊர்ந்துதான் போனோம். சிக்னல் விழுந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். தம்புராவுக்கு மேலே இன்னொரு 'ஈஈஈ' கிளம்பி இன்ஜினோடு சேர்ந்து ஏறுகிறது. கியர் மாற்றினால் இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. மாமனார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், திறக்காமலே, "யாரு மாப்ளே அது, ஸ்ருதியை விட்டுட்டு மேல போய்க்கிட்டே இருக்கான்?" என்றார். நந்தனம் போவதற்குள், "பாருங்க, மூணாவது கியர்ல இறங்கிட்டான்."

ரிச்சி தெருவில் ஆக்ஸ் கேபிளின் நடுவே சொருகி இரைச்சலைத் தடுக்கும் டப்பி, கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர், வாங்கிப் போட்டேன். சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. அடுத்த முறை ஏறிய மனிதர் ஒரு தனி ஆவர்த்தனத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "மிருதங்கத்துல தொப்பி எங்கே?" என்று மட்டும் கேட்டார். தொப்பி என்றால் மிருதங்கத்தின் இடது பக்கம், கீழ் சத்தம் தருவது. அதற்கப்புறம் அவர் பறக்கும் ரயிலில்தான் சபாவுக்குப் போகிறார். சத்தமும் வரக்கூடாது, தொப்பியும் கேட்க வேண்டும். யாருக்காவது அப்படி அமைந்திருக்கிறதா?

பெரம்பூர் 800:

நீங்களெல்லாம் ஆக்ஸ் பார்த்த தலைமுறை. என் மாருதி 800-இல் இருந்தது கேசட் பிளேயர். பக்கத்து சீட்டில் லேப்டாப். 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 230 ஆக்கும், லேப்டாப் அடாப்டர் அதைத் திரும்ப 19 ஆக்கும். இந்தக் கூத்தில் இன்வெர்ட்டரின் ஃபேன் சத்தம் வேறு. பாட்டு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வழியாக வரும். சென்னையில் காலியான அலைவரிசை தேடியவர்களுக்குத் தெரியும், 93.5 சூரியன், 98.3 மிர்ச்சி, 101.4 ரெயின்போ, 106.4 ஹலோ என்று வழி நெடுக ஆள் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுப் பக்கம் காலியாக இருக்கும் இடம் அண்ணா சாலையில் காலியாக இருக்காது.

அப்பா பேசிய பழைய கேசட் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். அக்கா வெளியூரிலிருந்து வந்திருந்தாள், பின் சீட்டில் உட்கார்ந்து முதல் தடவையாகக் கேட்கிறாள். அவளுக்காகவே அப்பா பேசியது அது. ஜெமினி மேம்பாலத்தின் உச்சி. "அம்மாடி, நீ ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார், அப்படியே நகைக்கடை விளம்பரம் ஏறி உட்கார்ந்துவிட்டது. செய்கூலி, சேதாரம். பாலம் இறங்கியதும் அப்பா திரும்ப வந்தார், ஆனால் அந்த வாக்கியம் முடிந்திருந்தது. "ரீவைண்ட் பண்ணுடா" என்றாள். ஓட்டிக்கொண்டே லேப்டாப்பில் எங்கே ரீவைண்ட் பண்ணுவது?

பிறகு கேசட் அடாப்டர் வாங்கினேன். பிளேயரின் ஹெட்டில் நேராக ஒட்டிக்கொள்வதால் காற்றில் எதுவும் நுழைய முடியாது. கொஞ்சம் இரையும், அவ்வளவுதான்.

அம்பத்தூர் எர்த்:

வேளச்சேரி நண்பருக்கு. ஐசொலேட்டர் போட்டதும் தொப்பி காணாமல் போகத்தான் செய்யும். அந்த டப்பிக்குள் இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். மலிவானதில் இரும்புக் கோர் சின்னதாக இருக்கும், கீழ் சத்தத்தைத் தாங்காது. மாமனார் காது பொய் சொல்லவில்லை.

என் கதை ரெண்டு வரிதான். புதுப்பேட்டையில் பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று வாங்கி டிக்கியில் போட்டேன், இதே ஊளை. பெயிண்ட்டைச் சுரண்டி வண்டியின் வெறும் பாடியில் எர்த், அதாவது மைனஸ் ஒயர், கொடுத்தேன், போய்விட்டது.

இப்போது கேளுங்கள். ஆல்டர்னேட்டர் தருவது சுத்தமான டிசி இல்லை. மூன்று ஃபேஸ் ஏசியை டயோடு வைத்து மாற்றியது, அதில் அலை மிச்சம் இருக்கும். இன்ஜின் வேகம் ஏறினால் அலையின் வேகமும் ஏறும், அதுதான் ஸ்ருதி ஏறுவது. உங்கள் கம்ப்யூட்டரின் எர்த் சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டில். ஸ்டீரியோவின் எர்த் டாஷ்போர்டுக்குப் பின்னால் வேறெங்கோ. ரெண்டு இடத்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், அது ஆக்ஸ் கேபிளின் ஷீல்டு (வெளிப் பின்னல் ஒயர்) வழியாகப் பாயும். அதைத்தான் ஸ்டீரியோவின் ஆம்ப் பெரிதாக்கித் தருகிறது. இந்தச் சுற்றுக்குப் பெயர்தான் கிரவுண்ட் லூப்.

முதலில் சோதனை. ஆக்ஸ் கேபிளைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி, சார்ஜரில் போடாத ஒரு போனில் சொருகுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். சத்தம் இல்லையென்றால் ஸ்டீரியோமேல் குற்றமில்லை, லூப்தான். அதே போனை வண்டி சார்ஜரில் போட்டதும் சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் கம்ப்யூட்டரின் எர்த்தைத் தடித்த ஒயரில் ஸ்டீரியோ எர்த் போகும் அதே போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். பெயிண்ட் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய வேண்டும். பிளஸ் ஒயர் நேராகப் பேட்டரியிலிருந்து, ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. பவர் ஒயர் ஒரு பக்கக் கதவோரம் போனால் ஆடியோ கேபிள் மறு பக்கக் கதவோரம். ஆக்ஸ் கேபிள் நீளமாக இருந்தால் சுருட்டி வைக்காமல் குட்டையாக வாங்குங்கள். ஆம்ப் தனியாக இருந்தால்...

(மிச்சத்தை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.)

ஜி.பி. ரோடு ஃபிட்டர்:

வணக்கம் சார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ரொம்ப வருஷமாக ஸ்டீரியோ மாட்டுகிறேன். நீளமாக எழுத வராது.

ஒரு கஸ்டமர், படித்தவர், நல்ல மனிதர். கம்ப்யூட்டரையும் ஸ்டீரியோவையும் தானே கனெக்ஷன் கொடுப்பேன், நீ பக்கத்தில் மட்டும் நில்லு என்றார். லேப்டாப்பில் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். மஞ்சள் பேட்டரி, சிவப்பு சாவி, கருப்பு எர்த், எல்லாம் சரியாகச் சொன்னார். ஸ்பீக்கர் ஒயர் வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா. ஒவ்வொன்றுக்கும் கருப்புக் கோடு போட்ட ஜோடி ஒயர் உண்டு. கருப்புக் கோடென்றால் எர்த்தானே என்று நாலையும் ஒன்றாக முறுக்கிப் பாடியில் வைக்கப் போனார். "வேண்டாம் சார், இந்த செட்ல ஸ்பீக்கர் மைனஸ் எர்த் கிடையாது, ரெண்டு ஒயரிலும் ஆம்ப் ஓடுது" என்றேன். படத்தைக் காட்டினார். ரெண்டாம் தடவையும் சொன்னேன். சாவியைத் திருப்பினார்.

புகை பெரிதாக வரவில்லை. வாசனைதான். உள்ளே இருந்த ஆம்ப் ஐசி டிடிஏ7388, அதன் நாலு சேனலும் பிரிட்ஜ், அதாவது மைனஸ் ஒயரிலும் ஆம்ப் ஓடும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது புது செட்தானே?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சிறுசேரி பை:

ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் வைத்தவன் நான். 5 வோல்ட், 3 ஆம்பியர் சுளையாக வேண்டும். லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சார்ஜர் பெட்டியில் எழுதியிருப்பதைத் தராது, 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வரும். எனக்கு அது நிரந்தரமாகவே இருந்தது. பையின் ஜாக்கில் 'உஸ்' அதிகம், யூஎஸ்பி டேக் (DAC, டிஜிட்டலை ஆடியோவாக்கும் குட்டிக் கருவி) போட்டால் தேவலை. பை 5-இல் ஜாக்கே கிடையாது, வாங்கும் முன் பாருங்கள்.

சொல்ல வந்தது வேறு. ரிவர்ஸ் கேமராவையும் பையிலேயே இணைத்திருந்தேன். தி.நகரில் ஒரு துணிக்கடையின் பேஸ்மென்ட், தீபாவளிக் கூட்டம். வண்டியை எடுத்து ரிவர்ஸ் போடுகிறேன். திரையில் கேமரா வரவில்லை, பை அப்போதுதான் பூட் ஆகிறது, கருப்புப் பின்னணியில் லினக்ஸ் வரிகள் ஓடுகின்றன. பின்னால் ஏழெட்டு ஹாரன். வாட்ச்மேன் விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஜன்னலில் குனிந்து, ஓடும் எழுத்துகளைப் பார்த்து, "சார், வண்டி எதையோ படிக்குது, முடிச்சதும் எடுங்க" என்றார். மனைவி ஒன்றும் பேசவில்லை. சேலைப் பைகளை மடியில் அணைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொளத்தூர் டாக்ஸி:

பத்தாயிரத்துக்குள் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ கிடைக்கிறது. மேப், கேமரா, பாட்டு, எல்லாம் ஒரே பெட்டி. எதற்கு சார் இந்தப் பாடு?

பெரம்பூர் 800:

டாக்ஸி தம்பி, நான் இதைச் செய்த காலத்தில் ஆண்ட்ராய்டு என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை. அப்புறம், அந்தப் பெட்டியை மே மாசம் வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு மத்தியானம் மூணு மணிக்குத் திரையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

கொளத்தூர் டாக்ஸி:

நாள் பூரா ஏசி போட்டு ஓட்டுகிறவன் அண்ணே நான். வண்டி எங்கே நிற்கிறது?

வேளச்சேரி வேகன்ஆர்:

எர்த் சார், சோதனை செய்துவிட்டேன். போன் மட்டும் இருந்தால் சத்தமில்லை. சார்ஜரில் சொருகினால் வருகிறது, கம்ப்யூட்டரை விடக் கொஞ்சம் சன்னமாக. அப்படியானால் லூப்தான். சீட்டுக்கு அடியிலிருந்து எர்த்தைப் பிடுங்கி ஸ்டீரியோ போல்ட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறேன். ஆனால் வேகன்ஆரில் அந்த போல்ட் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ஸ்டீரியோவின் கருப்பு ஒயர் மற்ற ஒயர்களோடு கட்டாக உள்ளே போய்விடுகிறது.

ஜி.பி. ரோடு ஃபிட்டர்:

தேடாதீங்க சார், கிடைக்காது. கம்பெனி ஒயரிங்கில் நாலைந்து எர்த்தை வழியிலேயே சேர்த்துவிட்டிருப்பார்கள். அதில் கம்ப்யூட்டர் கரண்ட்டையும் விட்டால் அந்த மெல்லிய ஒயர் சூடாகும். டாஷ்போர்டுக்குப் பின்னால் கனமான இரும்பில் நீங்களே ஒரு புது இடம் பாருங்கள். ஸ்டீரியோவின் கருப்பையும் கட்டிலிருந்து பிரித்து, கம்ப்யூட்டர் எர்த்தையும் தனி லக் (ஒயர் நுனியில் மாட்டும் வளையம்) அடித்து, ரெண்டையும் அந்த ஒரே போல்ட்டில் இறுக்குங்கள். ஆன்டெனா கேபிள் வழியாகவும் எர்த் வரும், அதையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். உங்கள் மாடலில் ஏர்பேக் இருந்தால் மஞ்சள் உறை போட்ட ஒயர்க் கட்டைத் தொடவே வேண்டாம்.

அம்பத்தூர் எர்த்:

அதைத்தான் நானும் சொன்னேன், ஒரே போல்ட்.

ஜி.பி. ரோடு ஃபிட்டர்:

இல்லை சார், நீங்கள் ஸ்டீரியோ எர்த் போகும் போல்ட் என்றீர்கள். நான் சொன்னது ஸ்டீரியோவைக் கூட்டிக்கொண்டு வேறு போல்ட்டுக்குப் போவது.

அம்பத்தூர் எர்த்:

விளைவு ஒன்றுதானே. சரி, ஆம்ப் தனியாக இருந்தால் என்று நிறுத்தியிருந்தேன் அல்லவா, அந்த மிச்சம்: ஸ்டீரியோ போட்டதும் ஆம்பை எழுப்பும் ரிமோட் ஒயர் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது...