புழுவெட்டுக்கு வேறு சொல் வேண்டும், வியாழன் மாலைக்குள்

ரோஸ்ஹில் ஆசிரியை, மொரிஷியஸ், திங்கள் காலை:

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கத் துண்டுத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் உடல்நலச் செய்தி ஒன்றைப் படித்தால் அதை நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் பொருள். எடுத்துக்காட்டுக்கு, தலையில் வட்டமாக முடி கொட்டும் அலோபீசியா அரியாட்டா என்ற ஒரே நோயை வைத்துக்கொண்டேன். ஊரில் புழுவெட்டு என்பார்கள். வியாழன் மாலை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் எழுதியாயிற்று. நோய்க்குத் தமிழில் நல்ல பெயர்தான் இல்லை.

ஏன் இந்த நோய் என்று கேட்பீர்கள். போன தவணையில் ஒரு மாணவி தினமும் அகலமான தலைப்பட்டையோடு வந்தாள். ஒரு நாள் குனிந்து புத்தகம் எடுக்கும்போது பட்டை நழுவியது. இடது காதுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடியே இல்லை, வட்டம் வரைந்தது போல. அது மட்டும் என்றால் பரவாயில்லை. நடுவில் தோல் வெந்து, ஓரமெல்லாம் கொப்புளம். அவள் பாட்டிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். "இது புழுவெட்டு" என்று பெயர் சொல்லி, பேத்தியையே கைப்பேசியில் தேடச் சொல்லியிருக்கிறார். பச்சைப் பூண்டை நசுக்கி வைத்து இரவு முழுக்கக் கட்டச் சொன்னது ஒரு காணொளி. எரிந்தால் புழு சாகிறது என்று அர்த்தமாம். பிள்ளை நான்கு இரவு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறாள்.

அங்கே புழு இல்லவே இல்லை. அந்தக் கொப்புளத்துக்குக் காணொளியைவிடப் பெயர்தான் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

காத்ர் போர்ன் நர்ஸ், திங்கள் மதியம்:

டீச்சர், சொல்லுக்கு முன்னால் பொருளைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தமிழறிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கிருமியோடு போராட வேண்டிய வெள்ளணுக்களில் ஒரு வகை, ஆள் மாறி, மயிர்க்காலின் அடிக்குமிழைச் சூழ்ந்து தாக்குகிறது. முடி உதிர்ந்துவிடும், ஆனால் மயிர்க்கால் அழிவதில்லை. அதனால் திரும்ப முளைக்க வாய்ப்பு எப்போதும் உண்டு, திரும்பக் கொட்டவும் வாய்ப்பு உண்டு. ஒட்டுவாரொட்டி இல்லை. நூறு பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும். வட்டத்தின் ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நிற்கும், வியப்புக்குறி மாதிரி. சிலருக்கு நகத்தில், தைக்கும்போது விரலில் மாட்டும் அங்குஸ்தானில் இருப்பது போலப் பொடிக் குழிகள் விழும். தலையில் வரும் படர்தாமரையும் பார்க்க இப்படித்தான் இருக்கும், ஆனால் அதில் செதில் இருக்கும், அது பூஞ்சை, அதற்கு மாத்திரையே வேறு. எனவே டாக்டர் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும்.

என் பரிந்துரை: தன்னெதிர்ப்பு முடியுதிர்வு.

பம்ப்ளமூஸ் ஐயா, செவ்வாய் அதிகாலை:

அன்புடையீர்,

நர்ஸ் அம்மாவின் விளக்கம் தெளிவு. ஆனால் தன்னெதிர்ப்பு என்பது ஒரு பெரும் நோய்க்குடும்பத்தின் பெயர். இந்த நோயின் முகம் அதில் இல்லை. மூலச்சொல்லை உரித்துப் பார்ப்போம்.

அலோபெக்ஸ் என்றால் கிரேக்கத்தில் நரி. சொறி பிடித்த நரிக்கு முடி கொட்டுவதைப் பார்த்து அலோபீசியா என்றார்கள். பின்னந்தலையில் காதிலிருந்து காதுவரை பட்டையாகக் கொட்டினால் ஒஃபியாசிஸ், அது பாம்பு. அவர்கள் நரியையும் பாம்பையும் கண்ட இடத்தில் நாம் புழுவைக் கண்டிருக்கிறோம். அரியாட்டாவின் வேர் ஆரெயா என்னும் லத்தீன் சொல். வெற்றிடம், சிறப்பாகத் தானியம் அடிக்கும் களம் என்று பொருள். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் கெல்சுஸ் என்னும் உரோமானியர் தம் மருத்துவ நூலில் தலைச் சொட்டையை ஆரெயா என்றே குறித்தார். இரண்டு சொல்லையும் இணைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் சோவாஜ், 1763-இல்.

களம்! சாணம் மெழுகி, புல் பூண்டு இல்லாமல் வட்டமாகத் துடைத்து வைத்த நெற்களத்தைப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை உண்டா? நம் பொருநர்களில் ஏர்க்களம் பாடுவோரும் உண்டு, போர்க்களம் பாடுவோரும் உண்டு. இங்கே இரண்டு களமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மேலே துடைத்த ஏர்க்களம், தோலுக்கு அடியில் சொந்தப் படையே சொந்தக் குடியைத் தாக்கும் போர்க்களம். களம், களரி, களன் எல்லாம் ஒரு குடும்பம். எனவே "களவழுக்கை" என்று முன்மொழிகிறேன்.

போர்ட் லூயி தம்பி, செவ்வாய்:

ஐயா, படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. ஆனால் களவழுக்கை என்று யார் தேடப் போகிறார்கள்? என் பிழைப்பே இணையப் பக்கங்கள் கட்டுவதுதான். நோயாளியிடம் இருக்கும் சொல்தான் தேடுபெட்டிக்குள் விழும். பாட்டியிடம் இருந்தது புழுவெட்டு. அந்தச் சொல்லை நாம் ஒதுக்கிவிட்டால் அது பூண்டுக்காரர்களுக்கே எழுதிக்கொடுத்த நிலமாகிவிடும். நேற்று இரவு நானே தேடினேன். வெங்காயச் சாறு, பூண்டு, ஏதோ எண்ணெய், கடைசியில் அதை வாங்கும் இணைப்பு. எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை. சரியான செய்தியைப் புழுவெட்டு என்ற பெயரின் கீழேயே போட வேண்டும் என்கிறேன்.

சென் அந்த்ரே சகோதரி, ரீயூனியனிலிருந்து:

என் தமிழ் சிறியது, பிழை இருந்தால் பொறுக்க. இங்கே டாக்டர் இந்த நோயைப் பிரெஞ்சில் பெலாட் என்பார். அந்தச் சொல் கேட்டால் எங்கள் காதில் பழத்தோலை உரிப்பது கேட்கும். அதன் பழைய பொருள் முடியை எடுப்பது, லத்தீனில் முடிக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது என்று பின்னால்தான் படித்தேன். எனக்கு 19 வயதில் வந்தது. யாரும் புழு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தலையைத் தொடவே பயந்திருப்பேன். டீச்சர், பிள்ளைக்குப் பயம் தராத சொல் வையுங்கள்.

டர்பன் அண்ணன், செவ்வாய் இரவு:

இலக்கண வழியில் ஒன்று சொல்கிறேன். புழுவெட்டு காரணப்பெயராகப் பிறந்தது, இன்று இடுகுறியாக வழங்குகிறது. மலேரியா என்றால் கெட்ட காற்று. கொசுதான் பரப்புகிறது என்று தெரிந்த பிறகும் யாரும் பெயரை மாற்றவில்லை. காரணம் பொய்யானால் பெயரும் பொய்யாகிவிடுமா?

இன்னொன்று. முடி முடி என்று எழுதுகிறீர்கள். முடி என்றால் முடிந்து கட்டியது, மகுடம். உதிர்வது மயிர். திட்டு மயிருதிர்வு என்று தைரியமாக எழுதலாமே. வசைச்சொல்லாகி விட்டது என்பதற்காக வள்ளுவர் ஆண்ட சொல்லை விட்டுக்கொடுப்பதா? "தலையின் இழிந்த மயிரனையர்" என்று குறளிலேயே இருக்கிறது.

ரோஸ்ஹில் ஆசிரியை, புதன்:

அண்ணா, அந்தக் குறளை முழுசாகச் சொல்லிப் பாருங்கள். தன் நிலையிலிருந்து தாழ்ந்த மனிதருக்குத் தலையிலிருந்து விழுந்த மயிர் உவமை. தலையில் வட்டம் விழுந்த பிள்ளை கையில் அதையா கொடுப்பேன்? மயிர்க்கால் என்றால் யாருக்கும் கூசவில்லை, அதை வைத்துக்கொள்கிறேன். தனியாக மயிர் வேண்டாம்.

தன்னெதிர்ப்பு பற்றியும் ஒரு சேதி. நேற்று அந்த மாணவியிடமே வரைவைக் காட்டினேன். விரலால் தன்னெதிர்ப்பில் நின்று, "மிஸ், நானே என்னை வெறுக்கிறேன் என்றா அர்த்தம்?" என்று கேட்டாள். தன் என்பது உடம்பு, மனசு இல்லை என்று விளக்கினேன். தலையை ஆட்டினாள், ஆனால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தச் சொல் தாளின் தலைப்பில் வராது. உள்ளே, "தடம் மாறிய எதிர்ப்பாற்றல்" என்று விரித்து எழுதுகிறேன்.

பம்ப்ளமூஸ் ஐயா, புதன் மதியம்:

டர்பன் அன்பருக்கு. மலேரியா என்னும்போது நம் காதில் காற்று விழுவதில்லை, ஏனெனில் நமக்கு இத்தாலியம் தெரியாது. புழு அப்படியா? "எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே" என்றார் தொல்காப்பியர். காரணம் காதில் செத்தால்தான் பெயர் இடுகுறி ஆகும். இங்கே புழு இன்னும் நெளிகிறது. பாட்டி அதைக் கேட்டார், அதைக் கொல்லப் புறப்பட்டார்.

1998-இல் ரூபாய்த் தாளில் மற்ற மொழிகளுக்கிடையே தமிழ் எழுத்து நிற்கும் வரிசை மாறியதற்கு இந்தத் தீவே கொதித்தது, தாளைத் திரும்பப் பெற்றார்கள். எழுத்து நிற்கும் இடத்துக்கு அவ்வளவு பாடுபட்டவர்கள், ஒரு பிள்ளையின் தலையைப் பொசுக்கிய சொல்லை வழக்கு என்று சொல்லி விட்டுவிடலாமா?

என் களத்திலும் ஒரு குறை கண்டேன், ஒளிக்காமல் சொல்கிறேன். களத்தில் எதுவும் முளைக்காது. களர் என்று போனால் இன்னும் மோசம், அது உவர்நிலம். நர்ஸ் அம்மா மயிர்க்கால் சாவதில்லை என்றார். என் தகப்பனார் கரும்பு வெட்டியவர். வெட்டி முடித்த கொல்லை மொட்டையாகக் கிடக்கும். அடிக்கட்டை மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். மழை விழுந்தால் மறுதாம்பு கிளம்பும். சின்ன வயதில் அந்த வெறும் கொல்லையில் நின்று, போச்சே என்று நான் அழுதபோது, அப்பா மண்ணைக் கிளறிக் கட்டையில் வெள்ளையாகப் புடைத்திருந்த கண்ணைக் காட்டினார். எனவே தரிசு. பயிரில்லை, ஆனால் நிலம் உயிரோடு இருக்கிறது. "முடித்தரிசு" என்று திருத்தி முன்மொழிகிறேன்.

போர்ட் லூயி தம்பி:

ஐயா, தரிசு நிலத்தை யாராவது உழுதால்தான் விளையும். மறுபடி எண்ணெய் விற்பவன் ஏரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

காத்ர் போர்ன் நர்ஸ், புதன் இரவு:

தம்பி சொன்னது முக்கியம். சொல்லை விட்டுச் சற்று விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் வரைவில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. எழுதியவர் யார், செய்தி எங்கிருந்து எடுத்தது, யாருக்கு லாபம், என்றைக்கு எழுதியது. 1997-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த அளவுகோல்கள் அவைதாம், நன்றாகவே தமிழாகியிருக்கின்றன. தேதிக்கு இந்த நோயே நல்ல உதாரணம். பாரிசிட்டினிப் மாத்திரைக்கு, கடுமையாகக் கொட்டும் பெரியவர்களுக்கென்று, அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2022 ஜூனில்தான். அதற்கு முந்தைய பக்கத்தில் அது எப்படி இருக்கும்?

ஆனால் ஐந்தாவதாக ஒரு கேள்வி வேண்டும். 1999-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிசெர்ன் என்ற 16 கேள்விப் பட்டியலில் அது இருக்கிறது. எந்தச் சிகிச்சையும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கம் சொல்கிறதா? ஓரிரு திட்டு மட்டும் இருப்பவர்களில் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் எதைத் தேய்த்திருந்தாலும் அதுதான் முளைக்க வைத்தது என்று தோன்றும். பூண்டு தேய்த்தவர் பூண்டுக்குச் சாட்சி சொல்வார், எண்ணெய் தேய்த்தவர் எண்ணெய்க்கு. அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். வெங்காயச் சாற்றைத் தண்ணீரோடு ஒப்பிட்டு 2002-இல் பாக்தாத்தில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு வெங்காயத்துக்குச் சாதகம்தான், ஆனால் முடித்தவர்கள் 40 பேர்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு "ஆராய்ச்சி நிரூபித்தது" என்று தலைப்புப் போடுகிறார்கள்.

தானாக முளைப்பதற்கு ஒரு சொல் தாருங்கள். பிள்ளைகளுக்கு அது இல்லாமல் இந்த ஐந்தாம் கேள்வி புரியாது.

சென் அந்த்ரே சகோதரி:

தன்மீட்சி?

டர்பன் அண்ணன்:

தன்மீட்சி அருமை. மறுபேச்சில்லை.

ரோஸ்ஹில் ஆசிரியை, வியாழன் மதியம்:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். வந்த குரல்களை எண்ணிப் பார்த்தேன். தம்பி, அண்ணன் இருவரும் புழுவெட்டு இருக்கட்டும் என்கிறார்கள். நர்ஸ் அக்காவும் சகோதரியும் திட்டு என்ற சொல்லே போதும், எளிது என்று தனியே எழுதினார்கள். ஐயா முடித்தரிசில் நிற்கிறார். தலைப்பில் இப்படிப் போகிறது:

திட்டு முடியுதிர்வு
(ஊர்வழக்கில் புழுவெட்டு. இதற்குப் புழு காரணமல்ல.)

முதல் பத்தியில் தடம் மாறிய எதிர்ப்பாற்றல். ஐந்தாம் கேள்வியை முதல் கேள்வியாக மாற்றிவிட்டேன், தன்மீட்சி அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது. ஐயா, உங்கள் அனுமதி கேட்காமலே மறுதாம்புக் கரும்பை ஓரத்தில் படமாகப் போட்டிருக்கிறேன். வரைந்தது அந்த மாணவிதான். கொப்புளம் ஆறிவிட்டது. வட்டத்தின் நடுவில் வெள்ளையாகப் பூனைமுடி தெரிகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, முதலில் நிறமில்லாமல்தான் வரும் என்றாராம்.

பம்ப்ளமூஸ் ஐயா, வியாழன் மாலை:

கரும்புக்கு நன்றி அம்மா. பத்துப் பிரதி அனுப்புங்கள், கோயில் ஞாயிறு வகுப்பில் கொடுப்பேன். திட்டு என்பது திட்டுதலோடு மயங்கும் என்று சொல்லிவைக்கிறேன். அதையாவது பொறுத்துக்கொள்வேன். அடைப்புக்குள் இருக்கும் புழுவை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. பத்துப் பிரதியிலும் அதைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கொடுப்பேன். பிறகு தெரிந்து வருந்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போர்ட் லூயி தம்பி:

ஐயா, இணையத்தில் ஏற்றும் பிரதியில் அது இருக்கும். அந்தப் பாட்டி தேடி வரும் வழி அது ஒன்றுதான்.