லேப்டாப் வாங்கும் முன்: எங்கள் குடும்பக் குழுவில்

கவிதா: அண்ணா, ஒரு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் போடப் போகிறேன். வாங்கலாமா?

செந்தில்: ராம் இருக்கட்டும். வைஃபை சிப் யாருடையது?

கவிதா: "வைஃபை 6" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

செந்தில்: அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஒரே மாடல் பெயரில் சிலவற்றில் இன்டெல் சிப் இருக்கும், சிலவற்றில் வேறு சிப். இன்டெல் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை, டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வருகிறது. பிராட்காம் சிப்கள் பலவற்றுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். இறக்க நெட் வேண்டும், நெட் வர அந்த டிரைவரே வேண்டும்!

கவிதா: கடையில் விண்டோஸ்தானே ஓடும். அதில் எப்படிப் பார்ப்பது?

செந்தில்: டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர், அதில் பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடி. "வென்" (VEN_) என்பதை ஒட்டி நாலு எழுத்து இருக்கும், அது சிப் தயாரித்த நிறுவனத்தின் குறியீடு. 8086 என்றால் இன்டெல். 10EC ரியல்டெக், 14E4 பிராட்காம், 14C3 மீடியாடெக்.

மாமா: மாப்பிள்ளை, என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறவே மாட்டேன் என்கிறது. நல்லாத்தானே ஓடுது?

செந்தில்: மாமா, அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில், அணைந்து கிடக்கலாம், பாருங்கள். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று இருக்கும். ஆனால் பிராசஸர் இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியது என்றால் அநேகமாக மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசஸர் பட்டியலிலேயே இருக்காது.

மாமா: சரிப்பா, பார்க்கிறேன்.

கவிதா: என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நல்லதா அண்ணா?

செந்தில்: உனக்கு அது வேண்டாம்மா. அவர்களுடைய டிரைவரைத் தனியாகப் போட வேண்டும், செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாததை ஓட விடாத பாதுகாப்பு) இருந்தால் அதற்கும் ஒரு வேலை. ஏஎம்டி, இன்டெல் கிராபிக்ஸுக்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. அப்புறம் முக்கியமாக, பென்டிரைவில் உபுண்டு கொண்டு போ. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம், கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள். வைஃபை, சவுண்டு, கேமரா எல்லாம் பார். லேப்டாப்பை மூடி, ஐந்து நிமிடம் விட்டுத் திற.

கவிதா: கைரேகை வேலை செய்யாவிட்டால்?

செந்தில்: பாஸ்வேர்டு அடித்துக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை. மூடித் திறந்தபின் திரை எழவில்லை என்றால் மட்டும் வாங்காதே. தினமும் அவதிப்படுவாய்.

கவிதா: 8 ஜிபி பென்டிரைவ் போதுமா?

செந்தில்: போதும். அதில் இருக்கும் போட்டோக்களை முதலில் வேறெங்காவது எடுத்து வை, உபுண்டு ஏற்றும்போது எல்லாம் அழிந்துவிடும்.